தாயின் உணவுத் தட்டில் தொடங்கும் நோய்
சிசுக்களில் தயமின் குறைபாட்டை இனங்காணலும் சிகிச்சையும்

கண்டி - கொழும்பு வீதியில் பித்தளைக் கைவினைப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற பிலிமத்தலாவையில் எந்தவோர் அரிசிக் கடைக்குச் சென்றாலும் வெள்ளைப் பச்சையரிசி, சிவப்பரிசி, நாட்டரிசி, சம்பா, கீரிச் சம்பா என மூடைகள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது நிறத்தை. அடுத்துக் கேட்பது விலையை. தவிடு நன்கு நீங்கி, மணி மணியாக மின்னும் அரிசிக்கே வீட்டிலும் மதிப்பு, விருந்திலும் மதிப்பு. அந்த மினுக்கத்துக்காக ஆலையில் உதிர்ந்துபோகும் தவிட்டோடு ஒரு விற்றமினும் போய்விடுகின்றது என்பதும், அது இல்லாத தாயின் பாலைக் குடிக்கும் சிசுவின் இதயம் சில மணித்தியாலங்களிலேயே செயலிழந்துவிடக்கூடும் என்பதும் பலர் அறியாத செய்திகளாகும்.

அந்த விற்றமின் தயமின் என்னும் விற்றமின் பி1. அதன் குறைபாட்டால் உண்டாவது பெரிபெரி. பாடப்புத்தகத்தோடு முடிந்துபோன பழைய நோய் என்று இதனைப் பலரும் கருதுகின்றனர். ஆனால், அயலில் உள்ள இந்தியாவிலேயே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தாய்ப்பால் மட்டும் அருந்திய சிசுக்கள் இந்நோயுடன் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டுள்ளனர். பிலிமத்தலாவை மக்களை அச்சுறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இனங்கண்டால் மிகச் சொற்பச் செலவில் குணமாக்கிவிடக்கூடிய, இனங்காணாவிட்டால் உயிரைக் குடிக்கின்ற ஒரு நோயைப் பற்றி தாய்மாரும் சுகாதார ஊழியர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கமாகும்.

இலங்கைக்குப் பழக்கமான பெயர்

பெரிபெரி என்ற சொல்லே சிங்கள மொழியில் இருந்து பிறந்தது என்று மருத்துவ நூல்கள் பல கூறுகின்றன. 'முடியாது, முடியாது' என்பதே அதன் பொருளாம். சொல்லின் தோற்றம் பற்றி அறிஞரிடையே மாறுபட்ட கருத்துகள் இருப்பினும், நோய்க்கும் இத்தீவுக்கும் உள்ள தொடர்பு மறுக்க முடியாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் பணியாற்றிய பிரித்தானிய இராணுவ மருத்துவர்கள் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினர். தோமஸ் கிறிஸ்டி என்பவரின் குறிப்புகள் 1804ஆம் ஆண்டிலும், இதனை இலங்கைக்கே உரிய நோயாகக் கருதிய றிட்லியின் கட்டுரை 1818ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த மல்கம்சன் 1835ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றித் தனிநூலே எழுதினார். ஆயினும் காரணம் மட்டும் பிடிபடவில்லை. ஈரக்காற்று என்றனர், நஞ்சு என்றனர், கிருமி என்றனர்.

ஒல்லாந்தரின் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் ஐக்மன் தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் விளங்காமற் போவதையும், தவிட்டைக் கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் 1890களில் கண்டறிந்தார். அவருக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஜாவாவில் 1926ஆம் ஆண்டு ஜான்சனும் டொனாத்தும் தவிட்டில் இருந்து அந்தச் சத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். 1936ஆம் ஆண்டில் றொபர்ட் வில்லியம்ஸ் அதன் மூலக்கூற்று அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகத் தயாரித்தார்.

இந்த வரலாற்றில் தமிழருக்குரிய ஓர் அத்தியாயமும் உண்டு. மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, அதே வெயிலில், அதே மண்ணில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களை நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. இதனைக் கவனித்த மருத்துவர் பிறாடன், 1907ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதற்கான விடையை அவர்களது சோற்றுப் பானையிற் கண்டார். சீனர் உண்டது சீயத்தில் இருந்து வந்த தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது இந்தியாவில் இருந்து வந்த புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் நோயாளர்களை இரு பிரிவாக்கி ஒருசாராருக்குப் புழுங்கலரிசியும் மறுசாராருக்குப் பச்சையரிசியும் கொடுத்துப் பார்த்த பிளெச்சரும் இதே முடிவுக்கே வந்தார்.

காரணம் எளிது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் நீரோடு அரிசியின் உட்பகுதிக்குள் ஊறிச் சென்றுவிடுகின்றது. பின்னர் தவிட்டை நீக்கினாலும் அதில் கணிசமான பங்கு அரிசியிலேயே தங்குகின்றது. தீட்டிய பச்சையரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தயமினே உண்டு. அதே அளவு புழுங்கலரிசியில் ஏறத்தாழ அதன் மும்மடங்கு இருக்கும். நம் பாட்டிமார் நெல் அவித்துக் காயவைத்தது விஞ்ஞானம் கற்றதனால் அன்று. ஆயினும் அந்தப் பழக்கம் ஒரு சமூகத்தையே காத்து நின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சென்னை மாகாணத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திராவின் கரையோர மாவட்டங்களில், பச்சையரிசி உண்ட மக்களிடையே பெரிபெரி நிலைகொண்டிருந்தது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுகூடத்தின் தலைவராக இருந்த ஐக்ராய்ட், கிருஷ்ணன் என்பவருடன் இணைந்து அப்பகுதியின் சிசு மரணங்களை ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். வளர்ந்தவர்களின் கால்களை மரக்கச் செய்யும் நோய், தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் தேடி வருகின்றது என்பது அப்போதே தெரிந்திருந்தது.

தாய் நலமாக, சேய் நோயாக

உடலில் தயமின் செய்யும் பணி மாச்சத்தைச் சக்தியாக மாற்றுவதாகும். அது இல்லையேல் குளுக்கோஸ் பாதி வழியிலேயே தடைப்பட்டு நிற்க, இரத்தத்தில் லக்ரிக் அமிலம் பெருகுகின்றது. ஓய்வின்றி உழைக்கும் இதயமும் மூளையும் முதலில் பாதிக்கப்படுகின்றன. தயமினை உடல் அதிகம் சேமித்து வைப்பதில்லை. வளர்ந்தவரின் உடலில் உள்ளதே ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். உணவில் அது கிடைக்காதுபோனால் இரண்டு மூன்று வாரங்களில் கையிருப்புக் கரைந்துவிடும்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் ஒன்றே உணவாக உள்ள சிசுவுக்குத் தயமின் வரும் வழியும் அது ஒன்றே. தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறைகின்றது. இங்கே ஏமாற்றம் தருவது யாதெனில், தாய் பெரும்பாலும் நலமாகவே காணப்படுவார். கால் விறைப்பு, பாதத்தில் எரிவு போன்ற சிறு தொந்தரவுகள் இருப்பினும், 'பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இதெல்லாம் வழமைதானே' என்று அவை ஒதுக்கப்பட்டுவிடும். கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1.4 மில்லிகிராமும், பாலூட்டும் தாய்க்கு 1.5 மில்லிகிராமும் தயமின் தேவை என்பது உலக சுகாதார அமைப்பின் கணிப்பு.

இந்தச் சிறு அளவும் கிடைக்காமற் போவது எப்படி? தீட்டிய அரிசியைப் பலமுறை கழுவிக் கழுநீரை ஊற்றுகின்றோம். சோற்றை வடித்துக் கஞ்சியையும் ஊற்றுகின்றோம். நீரிற் கரையும் தயமின் இரண்டோடும் போய்விடுகின்றது. வெள்ளைக் கோதுமை மாவிலும் நிலைமை இதுவே. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் கடுஞ்சாயத் தேநீர், வெற்றிலையோடு மெல்லும் பாக்கு ஆகியவை எஞ்சியதையும் பயனற்றதாக்கக் கூடியவை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது பத்தியம். 'பச்சை உடம்புக்காரி, வாயைக் கட்ட வேண்டும்' என்ற பெரியவர்களின் கரிசனை தாயின் தட்டை வெறும் சோறும் மிளகு ரசமுமாகச் சுருக்கிவிடும் வீடுகள் உண்டு. பயறு வாயு, முட்டை சூடு, கடலை பிள்ளைக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கப்படும்போது தயமின் வரும் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. லாவோஸிலும் கர்நாடகத்திலும் சிசுக்களின் நோய்க்குப் பின்னணியில் இத்தகைய பிரசவகால உணவு விலக்குகளையே மருத்துவர்கள் கண்டனர்.

இனங்காண்பது எவ்வாறு?

மூன்று மாதக் குழந்தை ஒன்று. நேற்றுவரை கொழுகொழுவென்று இருந்தது. இன்று பால் குடிக்க மறுக்கின்றது, வாந்தி எடுக்கின்றது, காரணமின்றி வீரிட்டு அழுகின்றது. மூச்சு வாங்குகின்றது, காய்ச்சல் பெரிதாக இல்லை. இரவுக்குள் உதடு நீலம் பாரிக்கின்றது. வைத்தியசாலையில் நியூமோனியா என்றோ, கிருமித் தொற்று என்றோ, பிறவி இதய நோய் என்றோ எண்ணிச் சிகிச்சை தொடங்கப்படுகின்றது. இந்தச் சித்திரம் சிசுப் பெரிபெரிக்கும் அப்படியே பொருந்தும் என்பதுதான் ஆபத்து.

வயதுக்கேற்ப நோய் மூன்று முகங்களைக் காட்டுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. முதல் மூன்று மாதங்களில் மேலோங்கி நிற்பது இதயம் சார்ந்த வடிவம்: வேகமான துடிப்பு, மூச்சிரைப்பு, வீங்கிய ஈரல், நீலம் பாரித்தல். இதுவே மிகவும் கொடியது. நான்கு முதல் ஆறு மாதங்களில் குரல் கம்மிப்போதல் காணப்படும். குழந்தை வாய் திறந்து அழும், சத்தம் வராது. ஏழு முதல் ஒன்பது மாதங்களில் மூளைக் காய்ச்சலைப் போன்ற வடிவம் தோன்றும்: உச்சிக்குழி புடைத்தல், கண்விழி ஆடுதல், இமை தொங்குதல், வலிப்பு. ஆயினும் முள்ளந்தண்டு நீரைச் சோதித்தால் தொற்று இராது. இந்த எல்லைகள் கறாரானவை அல்ல. ஒரே குழந்தையில் மூன்றும் கலந்து வருவதுண்டு.

சற்று வளர்ந்த பிள்ளைகளில் கால்தசை நோவு, நடை தள்ளாட்டம், மரத்துப்போதல் ஆகியன தோன்றலாம். கடும் போசாக்கின்மை உள்ளோர், ஓயாத வாந்தி அல்லது வயிற்றோட்டம் உள்ளோர், சிறுநீர் பெருக்கும் மருந்துகளை நெடுநாள் உட்கொள்வோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், விற்றமின் சேர்க்கப்படாத நாள வழி உணவில் இருப்போர் ஆகியோர் ஆபத்துக்கு உட்பட்ட பிள்ளைகளாவர்.

இரத்தத்தில் தயமின் டைபொஸ்பேற்றை நேரடியாக அளக்கும் சோதனையும், செங்குருதிக் கலங்களில் டிரான்ஸ்கீற்றோலேஸ் என்னும் நொதியத்தின் செயற்பாட்டை அளக்கும் சோதனையும் உள்ளன. இவற்றுக்குச் சிறப்பு ஆய்வுகூடம் தேவை. முடிவு வர நாட்கள் செல்லும். குழந்தைக்கோ மணித்தியாலங்களே அவகாசம். எனவே படுக்கையருகே கிடைக்கும் சான்றுகளே வைத்தியருக்குத் துணை. தாய்ப்பால் மட்டும் அருந்தும் சிசு, தாயின் குறுகிய உணவு, விளக்கமில்லாத லக்ரிக் அமிலப் பெருக்கம், இதய எக்கோ பரிசோதனையில் வலப்பக்க இதயம் விரிந்து நுரையீரல் நாடியில் அழுத்தம் மிகுந்திருத்தல், தலையின் ஸ்கேன் பரிசோதனையில் மூளையின் ஆழ்பகுதிக் கருக்களில் மாற்றம் ஆகியன ஒன்றுசேரும்போது ஐயம் வலுக்கின்றது. சோதனைக்கு இரத்தம் எடுக்க முடிந்தால் மருந்துக்கு முன்னர் எடுத்து வைக்கலாம். அதன் முடிவுக்காக மருந்தைத் தாமதப்படுத்தலாகாது.

மருந்தே சோதனை

இந்நோயில் சிகிச்சையே நோய் நிர்ணயமாகவும் அமைகின்றது. தயமின் கொடுத்த சில மணித்தியாலங்களில் மூச்சிரைப்புத் தணிந்து, இதயத் துடிப்புச் சீராகி, அமிலம் குறைந்து குழந்தை பால் குடிக்கத் தொடங்குமாயின் நோய் எதுவென்பது உறுதியாகின்றது. கவலைக்கிடமான சிசுவுக்கு 25 முதல் 50 மில்லிகிராம் தயமினை நாளத்தின் வழியே மிக மெதுவாகச் செலுத்துதல், பின்னர் ஏறத்தாழ ஒரு வாரம் தசை வழியாகத் தொடர்தல், அதன்பின் குறைந்தது ஆறு வாரம் நாள்தோறும் 3 முதல் 5 மில்லிகிராம் வாய்வழி கொடுத்தல் என்பது உலக சுகாதார அமைப்பு 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலாகும். இலேசான குறைபாட்டுக்கு முதல் வாரம் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வாய்வழியும், பின்னர் அதே 3 முதல் 5 மில்லிகிராமும் போதும். அண்மைக் காலத்தில் ஆசிய வைத்தியசாலைகள் சில, 100 மில்லிகிராம் வரையும் கொடுத்து வருகின்றன. மிகையான தயமின் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஒவ்வாமை மிக அரிதே. இவ்வளவுகள் வைத்தியரின் பொறுப்பில் வைத்தியசாலையில் தீர்மானிக்கப்பட வேண்டியவை; வீட்டில் செய்து பார்ப்பதற்குரியவை அல்ல.

மூன்று எச்சரிக்கைகள் அவசியமானவை. முதலாவது, தயமின் அற்ற உடலில் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். இரத்தச் சீனி குறைந்திருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்க முடியாது. ஆயின் தயமினும் உடன் செல்ல வேண்டும். இரண்டாவது, கிருமித் தொற்றுக்கான ஏனைய சிகிச்சைகளைத் தயமின் கொடுத்ததைச் சாட்டாக வைத்து நிறுத்தலாகாது. மூன்றாவது, தாய்க்கும் தயமின் கொடுக்கப்பட வேண்டும். குழந்தையைக் குணமாக்கிவிட்டுத் தாயை மறந்தால் அதே நோய் அதே வழியில் மீண்டும் வரும்.

இதயம் மணித்தியாலங்களில் மீளும். மூளை அப்படியன்று. 2003ஆம் ஆண்டில் இஸ்ரேலில் விற்பனையான ஒரு சோயாப் பால்மாவில் தயமின் போதிய அளவு சேர்க்கப்படாததால் சிசுக்கள் சிலர் உயிரிழந்தனர்; வேறு பலர் பாதிக்கப்பட்டனர். உயிர் பிழைத்தோரில் சிலரிடம் வலிப்பு நோயும் பேச்சு, மொழி வளர்ச்சிக் குறைபாடுகளும் ஆண்டுகள் பல கழிந்தும் காணப்பட்டன. தாமதத்துக்கான விலை எத்தகையது என்பதற்கு இது சான்று. பால்மா தாய்ப்பாலுக்கு மாற்றாகாது என்பதற்கும் இதுவே சான்று.

அயலில் இருந்து வரும் பாடம்

பெங்களூரில் உள்ள ஜெயதேவா இருதய நோய் நிறுவனத்தின் மருத்துவர்கள், தாய்ப்பால் மட்டும் அருந்திய சிசுக்கள் கடும் நுரையீரல் நாடி அழுத்தத்துடன் கொண்டுவரப்பட்டு, தயமின் கொடுத்ததும் மீண்டெழுந்ததை 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தனர். அவர்கள் கண்ட குழந்தைகள் இருநூறுக்கும் மேற்பட்டோர். காஷ்மீரில் இருந்தும், அசாமின் தேஸ்பூரில் இருந்தும் இத்தகைய அறிக்கைகள் வந்துள்ளன. தாய்லாந்து - பர்மா எல்லையில் கரென் அகதி முகாம்களில் சிசு மரணத்துக்கு முதன்மைக் காரணமாக இருந்ததே பெரிபெரிதான் என்று அங்கு பணியாற்றிய மருத்துவர்கள் 2003ஆம் ஆண்டில் எழுதினர். இந்த இடங்களில் எல்லாம் நோய் ஒரே நாளில் புதிதாக முளைக்கவில்லை. யாரோ ஒரு வைத்தியர் அதனை நினைத்துப் பார்த்தார்; அதன் பிறகே அது கண்ணுக்குத் தெரிந்தது.

இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே அருந்துவதாக 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு தெரிவித்தது. உலகம் மெச்சும் இச்சாதனை தாயின் உணவுத் தட்டின்மீதே நிற்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பருப்பும் முட்டையும் மீனும் ஏழைக் குடும்பங்களின் கைக்கெட்டாமற் போனபோது, வெறும் சோற்றோடும் ரொட்டியோடும் நாளைக் கழித்த தாய்மார் தோட்டப்புறங்களிலும் நகரங்களிலும் இருந்தனர். கர்ப்பிணித் தாய்மாருக்கு சிகிச்சை நிலையங்களில் வழமையாக வழங்கப்பட்டு வரும் இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம் ஆகிய மாத்திரைகள் இந்தக் குறையை நிரப்பமாட்டா.

பிலிமத்தலாவை மக்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. சில கிலோமீற்றர் தொலைவில் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும், பல்கலைக்கழக மருத்துவ பீடமும் உள்ளன. மூச்சு வாங்கும் சிசுவை 'விடியட்டும் பார்க்கலாம்' என்று வீட்டில் வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. தொலைவில் உள்ள தோட்ட லயத்துத் தாய்க்கு அவ்வாய்ப்புக் குறைவு. ஆகவேதான் கிராமிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைத் தட்டிலும் தயமின் ஊசி மருந்து இருக்க வேண்டும் என்கிறோம். அதன் விலை அற்பம். அது இல்லாமையின் விலை ஓர் உயிர்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தர், குழந்தையின் நிறையைக் கேட்பதோடு 'அம்மா, நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்றும் கேட்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் பத்தியத்தைப் பற்றித் தாய்மாரிடம் மட்டுமன்றி மாமியாரிடமும் பாட்டிமாரிடமும் பேச வேண்டும். அடுப்படியில் தீர்மானம் எடுப்பவர்கள் அவர்களே. புழுங்கலரிசி அல்லது தவிடு நீங்காத சிவப்பரிசி, ஒருமுறை மட்டும் கழுவி நீர் வற்றச் சமைத்த சோறு, நாளுக்கொரு பிடி பயறு அல்லது பருப்பு, கிடைக்கும்போது நிலக்கடலை, எள்ளு, முட்டை, மீன் என்பன போதும். 100 கிராம் பச்சைப் பயறில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் தயமின் உண்டு. தேநீரைச் சாப்பாட்டுக்குச் சற்றுப் பின்னர் அருந்துவது நன்று. குழந்தை நோயுற்றாலும் தாய்ப்பாலை நிறுத்தலாகாது என்பதை மீண்டும் வலியுறுத்துகின்றோம். குறை பாலில் அன்று, தாய்க்கு நாம் கொடுக்கும் உணவில் உள்ளது.

பத்தியம் என்பது தாயையும் சேயையும் காக்க முன்னோர் வகுத்தது. காக்க வந்த வேலியே பயிரை மேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் தலைமுறையின் கடமையாகும். பிள்ளை பெற்றவளின் தட்டில் ஒரு பிடி பயறு கூடினால் அது தொட்டிலுக்கும் போய்ச் சேரும்.